தளர்ச்சியின் முதற்குறிகளைத் தவறவிடலாகாது

1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் கையில் ஒரேயொரு பயணப்பையுடன் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் வந்திறங்கிய இளைஞர்களுக்கு அன்று 25 வயது இருந்திருக்குமாயின், இன்று அவர்கள் 65 வயதைக் கடந்துவிட்டனர். அவர்கள் பின்னாளில் அழைப்பித்துக்கொண்ட பெற்றோரில் எஞ்சியிருப்போர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் உள்ளனர். பிள்ளைகளின் கல்வி, வீட்டுக்கடன், தாயகத்தின் நிலை என்று பல கவலைகளுக்கு நடுவே, புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களுக்குள் முதுமை ஓசையின்றி நுழைந்துள்ளது. அதனை எதிர்கொள்ளும் அறிவு அக்குடும்பங்களிடம் உண்டா என்பதே இன்று எழும் கேள்வியாகும்.

பல இல்லங்களில் நிகழ்வது இதுதான். 78 வயதுத் தாயார் அதிகாலையில் குளியலறைக்குச் செல்லும்போது விழுந்துவிடுகிறார். இடுப்பெலும்பு முறிகின்றது. அறுவைச் சிகிச்சையின் பின்னர் வீடு திரும்பினாலும் பழைய நடை திரும்புவதில்லை. நலம் விசாரிக்க வருவோரிடம் பிள்ளைகள் கூறுவது ஒன்றே: "நல்லாத்தான் இருந்தவா, திடீரென்று விழுந்திட்டா." விழுந்தது திடீரென்று நிகழ்ந்ததுதான். ஆயின் அவர் நல்லாத்தான் இருந்தாரா? கையிலிருந்த காப்பு முழங்கையை நோக்கி வழுக்கத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகியிருக்கும். கோயிலுக்குப் போவதை அவர் கடந்த குளிர்காலத்தோடு நிறுத்தியிருப்பார். கதிரையிலிருந்து எழும்போது இரு கைகளையும் ஊன்றத் தொடங்கியிருப்பார். இவற்றை வீட்டிலுள்ள அனைவரும் கண்டனர்; ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை. "வயது போனால் உப்பிடித்தான்" என்ற ஒரே வாக்கியத்தால் அத்தனை அறிகுறிகளும் மூடப்பட்டுவிட்டன.

அவ்வாக்கியம் தவறானது. முதுமை வேறு, தளர்ச்சி வேறு. 85 வயதில் தோட்டம் கொத்துபவரும் உண்டு; 66 வயதில் மாடிப்படி ஏற முடியாதவரும் உண்டு. ஆங்கிலத்தில் வைத்தியர்கள் 'ஃபிரெயில்டி' என்று அழைக்கும் இந்தத் தளர்ச்சி, உடலின் பல்வேறு தொகுதிகளிலும் உள்ள சேமிப்பு ஒருசேரக் குறைந்துபோகும் நிலையாகும். பழைய மின்கலம் ஒன்றை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். மின்சாரம் தடையின்றி வரும்வரை கணினி இயங்கிக்கொண்டேயிருக்கும். மின்கலத்தின் வலு எவ்வளவு குன்றியுள்ளது என்பது மின்சாரம் தடைப்படும் அன்றே தெரியவரும். அவ்வாறே சேமிப்புக் குன்றிய முதியவரும் வழமையான நாட்களில் ஓரளவு நடமாடுவார். ஒரு தடிமன் காய்ச்சலோ, சிறுநீர்த் தொற்றோ, புதிதாகத் தொடங்கிய ஒரு குளிசையோ போதும்; அவர் படுக்கையில் வீழ்ந்துவிடுவார். இளையவர் ஒரு வாரத்தில் மீளும் நோயிலிருந்து அவர் மீள மாதங்கள் ஆகலாம், மீளாமலும் போகலாம்.

இந்நிலையை அளந்தறிய முடியும் என்பதை 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர் லிண்டா ஃபிரீட்டும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 5,317 பேரின் தரவுகளிலிருந்து அவர்கள் ஐந்து அறிகுறிகளை வகுத்தனர். மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவை இருப்பின் தளர்ச்சி. ஒன்று அல்லது இரண்டு இருப்பின் தளர்ச்சிக்கு முந்திய நிலை. அறிகுறிகள் இல்லாதோரை விடத் தளர்ச்சியுற்றோர் அடுத்த மூன்று ஆண்டுகளில் கூடுதலாக விழுந்தனர், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், உயிரிழந்தனர். அந்த ஐந்து அறிகுறிகளையும் ஆய்வுகூடத்தில் தேட வேண்டியதில்லை. தமிழ் வீடுகளின் சமையலறையிலும் வரவேற்பறையிலுமே அவை தென்படும்.

முதலாவது, முயலாமலே எடை குறைதல். ஓராண்டில் 4.5 கிலோ அல்லது அதற்கு மேல் குறைந்திருப்பின் அது அறிகுறியாகும். வீட்டில் தராசு இல்லையெனினும் காப்பும் மோதிரமும் சொல்லும். சட்டையின் கழுத்துப்பட்டியும் பொய்ப்பல் தொகுதியும் சொல்லும். "மெலிஞ்சது நல்லதுதானே, சலரோகத்துக்கு நல்லம்" என்று மகிழ்வது பெருந்தவறு. முதுமையில் தானாகக் குறையும் எடையில் தசையும் சேர்ந்தே கரைகின்றது. வேறு நோய்கள் காரணமாகவும் எடை குறையலாம் என்பதால் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

இரண்டாவது, ஓயாத களைப்பு. எதைச் செய்வதும் பெரும்பாடாக இருக்கிறது, தொடங்கவே மனம் எழவில்லை என்று வாரத்தில் மூன்று நாட்களோ அதற்கு மேலோ ஒருவர் உணர்வாராயின் அது கவனிக்கத்தக்கது. குளித்துவிட்டு வந்ததும் அரைமணி நேரம் படுத்திருப்பதும், முன்னர் ஒரே மூச்சில் முடித்த சமையலை மூன்று தடவை இருந்து எழும்பி முடிப்பதும் இதன் வெளிப்பாடுகளே.

மூன்றாவது, கைப்பிடி வலு குன்றுதல். வைத்தியர்கள் இதற்கென ஒரு கருவி வைத்திருக்கின்றனர். வீட்டில் ஊறுகாய்ப் போத்தலின் மூடியே போதுமானது. அரிசி மூட்டையைத் தானே வாகனத்திலிருந்து இறக்கிவைத்த தந்தையார் இப்போது மகன் வரும்வரை காத்திருக்கிறார் என்றால், அது மரியாதை எதிர்பார்ப்பாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

நான்காவது, நடையின் வேகம் குறைதல். பிரித்தானியாவில் பாதசாரிகள் கடவையின் நேரம், மனிதர் நொடிக்கு 1.2 மீற்றர் நடப்பர் என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. இங்கிலாந்தின் 65 வயதுக்கு மேற்பட்டோரில் மிகப்பெரும்பான்மையினரால் அந்த வேகத்தில் நடக்க முடிவதில்லை என்று 2012 இல் வெளியான ஆய்வொன்று கண்டறிந்தது. தாத்தாவுடன் வீதியைக் கடக்கும் பேரன், பச்சை விளக்கு அணையுமுன் மறுகரை சேர முடிகிறதா என்பதைக் கவனித்தாலே ஒரு மருத்துவச் சோதனையைச் செய்தவனாகிறான்.

ஐந்தாவது, நடமாட்டம் சுருங்குதல். முதலில் ஊர்ச்சங்க ஒன்றுகூடல் நிற்கும்; பின்னர் கோயில்; பின்னர் கடை; ஈற்றில் மாடிப்படி. "குளிராக் கிடக்கு", "அங்கை ஆர் இருக்கினம்" என்று காரணங்கள் அடுக்கப்படும். உலகம் ஓர் அறைக்குள் ஒடுங்கியபின், ஒடுங்கியது எப்போது என்று எவருக்கும் நினைவிருப்பதில்லை.

இவற்றோடு இரு எளிய அளவீடுகளை எந்த வீட்டிலும் செய்யலாம். நான்கு மீற்றரை அளந்து, வழமையான வேகத்தில் நடக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நொடிகளுக்கு மேல் எடுத்தால் தளர்ச்சி உண்டா என்று ஆராய வேண்டும் எனப் பிரித்தானிய முதியோர் மருத்துவச் சங்கத்தின் 2014 ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகின்றது. அடுத்து, சுவரோடு வைத்த கதிரையில் இருத்தி, கைகளை மார்பில் குறுக்கே வைத்து, ஐந்து தடவை எழுந்து இருக்கச் சொல்ல வேண்டும். 12 நொடிகளோ அதற்கு மேலோ ஆனால் தசைவலு குறைந்திருக்கக்கூடும் என்பது ஆசிய நாடுகளின் தசைத்தேய்வு ஆய்வுக் குழு 2019 இல் வகுத்த எல்லை. விழாமல் பிடிக்க ஒருவர் அருகில் நிற்பது அவசியம். இவை நோய்நிர்ணயம் அல்ல. வைத்தியரிடம் செல்ல வேண்டும் என்பதற்கான மணியோசை.

அந்த மணியோசை வேளைக்குக் கேட்க வேண்டும் என்பதிலேயே அனைத்தும் தங்கியுள்ளது. யேல் பல்கலைக்கழகத்தினர் 70 வயதும் அதற்கு மேலுமான 754 பேரை நான்கரை ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2006 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகின்றது. தளர்ச்சிக்கு முந்திய நிலையிலிருந்தோரில் ஒரு பகுதியினர் முழு நலத்துக்குத் திரும்பினர். முழுமையாகத் தளர்ந்தோரில் சிலர் ஒரு படி மேலேறினர். ஆயின் அவர்களுள் முழு நலத்துக்கு நேராகத் திரும்பியோர் மிக அரிது. கதவு முற்றாக மூடப்படுவதில்லை. ஆனால் அது அகலத் திறந்திருக்கும் காலம் தொடக்கத்திலேயே உள்ளது.

அத்தொடக்கத்தைத் தமிழ்க் குடும்பங்கள் தவறவிடுவதற்குக் காரணம் அன்பின்மை அன்று. பல வேளைகளில் அன்பே காரணமாகின்றது. "அம்மா, நீங்கள் இருங்கோ, நான் செய்யிறன்" என்று தேநீர்க் குவளையைக்கூட எடுக்கவிடாது தாங்கும் பிள்ளைகள் தமது கடமையைச் செய்வதாகவே எண்ணுகின்றனர். பெற்றோரை இருத்திவைத்துப் பார்ப்பதே பெருமை என்று சமூகமும் மெச்சுகின்றது. தசையோ இந்தப் பெருமையை அறியாது. பயன்படுத்தப்படாத தசை கரைந்தே தீரும். நலமுள்ள முதியவர்கள் பத்து நாட்கள் படுக்கையில் இருந்தபோது அவர்களது கால்களின் தசைத்திணிவில் ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தது என 2007 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பத்து நாட்களுக்கு இதுவென்றால், ஆறு மாதக் கனேடியக் குளிர்காலத்தை மெத்தைக் கதிரையில், தொலைக்காட்சித் தொடர்களின் முன்னால் கழிப்பவரின் நிலை என்னவாகும்?

முதியோரும் தம் நிலையை மறைக்கின்றனர். பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடுவோமோ என்ற அச்சம் ஒருபுறம். முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் மறுபுறம். வைத்தியர் நலம் விசாரித்தால் "ஒண்டுமில்லை, நல்லா இருக்கிறன்" என்பதே விடை. அருகிலிருந்து மொழிபெயர்க்கும் 15 வயதுப் பேத்தி அதனை அப்படியே ஆங்கிலத்தில் ஒப்புவிக்கிறாள். கடந்த மாதம் அம்மம்மா இரண்டு தடவை விழுந்ததை அவள் அறிவாள். சொல்லாதே என்று வாக்கு வாங்கப்பட்டிருக்கிறது. பத்து நிமிடச் சந்திப்பு முடிகிறது. உண்மை அந்த அறைக்குள் நுழையவே இல்லை.

இதன் விளைவு அத்தோடு நிற்பதில்லை. இங்கிலாந்தில் 2017 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின்படி, 65 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் தளர்ச்சியுற்றோரை இனங்காணும் பொறுப்பு குடும்ப வைத்திய நிலையங்களுக்கு அளிக்கப்பட்டது. அதற்குப் பயன்பட்ட கணினிச் சுட்டி, நோயாளியின் பதிவேட்டிலுள்ள 36 வகைக் குறைபாடுகளை எண்ணிப் பார்த்துத் தளர்ச்சியின் அளவைக் கணிப்பதாகும். விழுதல், எடை குறைதல், நடமாட்டச் சிக்கல் ஆகியன அவற்றுள் அடங்கும். பதிவேட்டில் இல்லாததைக் கணினி எண்ணாது. வைத்தியரிடம் சொல்லப்படாத ஒவ்வொரு வீழ்ச்சியும் அந்தக் கணக்கில் பூச்சியமே. வீட்டில் மௌனமாக இருந்துவிட்டு, நாட்டின் சுகாதார சேவை தமிழ் முதியோரைக் கவனிக்கவில்லை என்று குறைகூறுவதில் பயனில்லை.

ஆகவே வைத்தியரிடம் செல்லும்போது ஒரு தாளை எடுத்துச் செல்வது நன்று. கடந்த ஆறு மாத எடை, விழுந்த நாட்கள், கதிரையிலிருந்து எழும்ப எடுத்த நொடிகள், நிறுத்திக்கொண்ட வேலைகள், உட்கொள்ளும் குளிசைகளின் முழுப்பட்டியல் ஆகியன அதில் இருக்க வேண்டும். "இது ஃபிரெயில்டியாக இருக்குமா? முழுமையான முதியோர் மதிப்பீடு செய்ய முடியுமா?" என்று நேரடியாகக் கேட்க வேண்டும். பேரப்பிள்ளையைச் சங்கடப்படுத்தாமல், பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையில் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரைக் கோரிப் பெறலாம். கனடாவின் வைத்தியர்களுக்கும் இந்தச் சொல் புதிதன்று. உலகெங்கும் பயன்படும் மருத்துவத் தளர்ச்சி அளவுகோலை 2005 இல் வெளியிட்டவர்கள் ஹலிபக்சிலுள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் வைத்தியர் கெனத் ரொக்வுட்டும் அவரது குழுவினருமே.

தளர்ச்சிக்கெனத் தனியொரு குளிசை கிடையாது. முதன்மையான மருந்து உடற்பயிற்சி. 1990 இல் பொஸ்ரன் நகர முதியோர் இல்லமொன்றில் 90 வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால்களால் எடைதூக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை முடித்தவர்களின் கால்வலு சராசரியாக 174 வீதம் உயர்ந்தது. 2014 இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, 70 முதல் 89 வயதுவரையான 1,635 பேரை உள்ளடக்கியது. நடை, தசைவலு, சமநிலை ஆகியவற்றுக்கான ஒழுங்கான பயிற்சி, நடமாட்டத்தை இழக்கும் அபாயத்தைக் குறைத்தது. கோயில் வீதியைச் சுற்றுவது நல்லது; அது மட்டும் போதாது. தசைக்கு வேலை வேண்டும். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து இருத்தல், சமையலறை மேசையைப் பிடித்தவாறு குதிகாலை உயர்த்துதல், சிறு எடைகளைத் தூக்குதல் ஆகியவற்றை வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் செய்யலாம். நெஞ்சுவலி உடையோரும் அடிக்கடி விழுவோரும் முதலில் வைத்தியரின் ஆலோசனை பெற வேண்டும்.

அடுத்தது உணவு. காலையில் தேநீரும் இரண்டு துண்டு பாணும், மதியம் சோற்றுக் குவியலில் சிறிது கறி, இரவில் இடியப்பமும் சொதியும் என்ற உணவுமுறை வயிற்றை நிரப்பும்; தசையைக் காக்காது. முதியோர் தமது உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் உண்ண வேண்டும் என்று 2013 இல் வல்லுநர் குழுவொன்று பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராமே உண்டு. எனவே மீன், முட்டை, பருப்பு, பயறு, கடலை, தயிர் ஆகியவை மூன்று வேளையும் தட்டில் இடம்பெற வேண்டும். விரத நாட்களிலும் பயறும் தயிரும் தடையல்ல. சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் வைத்தியரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும். கருமைநிறத் தோலுடையோர் வெயில் குறைந்த நாடுகளில் விற்றமின் டி குறைவுக்கு எளிதில் ஆளாவதால், அதையும் வைத்தியரிடம் கேட்டறிவது நன்று.

மூன்றாவது, குளிசைகள். பத்தாண்டுகளுக்கு முன்னர், நன்றாக உண்டு நடமாடிய காலத்தில் எழுதப்பட்ட நீரிழிவு மருந்தின் அளவு, பாதி உண்ணும் இன்றைய உடலுக்கு மிகையாகலாம். சீனி மட்டம் தாழ்ந்தால் மயக்கமும் வீழ்ச்சியும் பின்தொடரும். குருதி அமுக்க மருந்தும் நித்திரைக் குளிசையும் அவ்வாறே. தாமாக நிறுத்துவது ஆபத்தானது. மீளாய்வு செய்யுமாறு கேட்பது உரிமையானது. கண், காது, பல் ஆகியவற்றையும் மறக்கலாகாது. மனத்தையும் மறக்கலாகாது. போரிலும் இடப்பெயர்விலும் பிள்ளைகளை, உடன்பிறப்புகளை இழந்த முதியோரின் களைப்பு உடற்களைப்பு மட்டுமாக இராது. மனச்சோர்வும் சிகிச்சைக்குரியது என்பதைக் குடும்பங்கள் ஏற்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். தளர்ச்சி மெல்ல வருவது. ஒரே நாளில் குழம்பிப் பேசுதல், திடீரெனக் கைகால் இயங்காமை, வாய் கோணுதல், நிற்கவே முடியாமை போன்றவை தென்பட்டால் அது காத்திருந்து பார்க்கும் விடயமன்று. உடனடி மருத்துவ உதவி வேண்டும்.

பெற்றோரைத் தாயகத்தில் விட்டுவந்தோரின் நிலை மேலும் கடினமானது. காணொளி அழைப்பில் முகம் மட்டுமே தெரியும். தளர்ச்சி முதலில் தெரிவதோ காலில். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ தனித்திருக்கும் தாயாரிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் "ஓம்" என்றே விடை வரும். என்ன சாப்பிட்டார், யார் சமைத்தார், கடைசியாக வீட்டுப் படலையைத் தாண்டியது எப்போது என்று கேட்டறிய வேண்டும். கைத்தொலைபேசியை மேசையில் சாய்த்துவைத்துவிட்டு விறாந்தைவரை நடந்துவரச் சொல்லலாம். அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி முட்டைக்கும் மீனுக்கும் உண்மையாகவே போய்ச் சேர்கிறதா என்று அயலவரிடம் விசாரிப்பதில் தவறில்லை.

தமிழ் அமைப்புகளுக்கும் இதில் பொறுப்புண்டு. வார இறுதிகளில் தமிழ்ப் பள்ளிகளின் வாயிலில் பேரப்பிள்ளைகளுக்காக இரண்டு மணிநேரம் குந்தியிருக்கும் முதியோரைக் காணாதவர் இலர். அந்த இரண்டு மணிநேரத்தில் அடுத்த அறையில் ஒரு கதிரைப் பயிற்சி வகுப்பை நடத்தக் கூடாதா? கோயில் மண்டபத்தில் ஒரு தராசும் கடிகாரமும் வைத்து, மாதம் ஒருமுறை எடையையும் நடையையும் குறித்துக்கொடுக்கக் கூடாதா? பல இலட்சம் செலவில் விழா எடுக்கும் சமூகத்துக்கு இது பெருஞ்செலவன்று.

பெற்றோர் தமது பெற்றோரிடமிருந்து வேலைகளைப் பறிக்காதிருக்கட்டும். கீரை ஆய்வதும், உடுப்பு மடிப்பதும், கடைக்கு நடப்பதும் அவர்களிடமே இருக்கட்டும். இளையோர் மருத்துவ அறையில் மௌனம் காக்காதிருக்கட்டும்; அம்மம்மாவுக்குக் கொடுத்த வாக்கை விட அம்மம்மாவின் கால்கள் பெரியவை என்பதை உணரட்டும். இவ்வார இறுதியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதிரை சுவரோரம் நகர்த்தப்படட்டும். ஐந்து தடவை எழுந்து இருக்க எத்தனை நொடிகள் என்று எண்ணப்படட்டும். அந்த எண் ஒரு தாளில் எழுதப்பட்டு, அடுத்த சந்திப்பில் வைத்தியரின் மேசைமீது வைக்கப்படட்டும்.